இல்லத்துக் கொடுமையும் பஞ்சாயத்தின் கடமையும்

பயிரில் பூச்சி விழுந்தால் பக்கத்து வயற்காரருக்கும் உடனே சொல்லுகிறோம். அடுத்த வீட்டில் ஒரு பெண் அடிபடும்போது மட்டும், "அது புருஷன் பெண்டாட்டி விவகாரம்" என்று வாளாவிருந்து விடுகிறோம். 2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழகத்தில் மணமான பெண்களுள் நூற்றுக்குச் சுமார் 38 பேர் கணவரின் வன்முறைக்கு ஆளாகியுள்ளனர். ஆகவே, இஃது எங்கோ ஓரிரு வீட்டுச் செய்தியன்று.

அடித்தல் மட்டுமே வன்முறை ஆகாது. இழித்துப் பேசுதல், அச்சுறுத்தல், பாலியல் துன்பம் தருதல், செலவுக்குப் பணம் மறுத்தல், நகையைப் பறித்தல் ஆகியனவும் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டத்தில் அடங்கும்.

குடியே காரணம் என்பர் சிலர். குடி கொடுமையை மிகுவிப்பது உண்மையே. ஆயினும், குடித்தவன் ஊர்ப் பெரியவரை அடிப்பதில்லை, மனைவியைத்தான் அடிக்கிறான். கேட்பாரில்லை என்ற துணிவே அதற்கு வேர். ஊர்க்கூட்டத்தில், "அனுசரித்துப் போ, அம்மா" என்று அவளைத் திருப்பி அனுப்பும்போது அத்துணிவையே நாம் வளர்க்கிறோம். பிள்ளைகளையும் பிழைப்பையும் எண்ணி அவள் பொறுத்திருப்பதைச் சம்மதம் என்று கொள்ளலாகாது.

அங்கத்தினர்கள் செய்யத்தக்கவை யாவை? முதலாவது, அவள் கூறுவதைத் தனிமையில், குறுக்கிடாமல் கேட்டல். அவள் விருப்பத்தை அறிந்தே அடுத்த அடி வைத்தல் வேண்டும். உயிருக்கு ஆபத்தெனில் 112 என்ற எண்ணில் உடனே போலீசாரை அழைக்கலாம். 181 என்ற மகளிர் உதவி எண் இரவும் பகலும் இயங்குகிறது. ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தற்காலிகத் தங்குமிடம், மருத்துவ உதவி, மனநல ஆலோசனை, சட்ட உதவி ஆகியன கிடைக்கும்.

மாவட்டந்தோறும் உள்ள பாதுகாப்பு அலுவலர், அவளுடைய முறையீட்டை எழுதிக் குற்றவியல் நடுவரிடம் அனுப்புவார். மேலும் அடிக்கலாகாது என்று தடுக்கவும், அவள் அவ்வீட்டிலேயே வாழவும், ஜீவனாம்சம் பெறவும் நடுவர் ஆணையிடலாம். வீடு அவள் பெயரில் இல்லையெனினும், குடியிருக்கும் உரிமை அவளுக்குண்டு. பாதுகாப்பு ஆணையை மீறுவோருக்கு ஓராண்டு வரை சிறையோ, 20,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வழக்கறிஞரைச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக அமர்த்தித் தரும். பெண்களுக்கு இதில் வருமான வரம்பு கிடையாது.

அயலாரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்துடன் தகவல் தந்தவர்மீது வழக்குத் தொடர இயலாது என்று சட்டமே உறுதி கூறுகிறது. எனவே, அஞ்ச வேண்டுவதில்லை.

181, 112 ஆகிய எண்களைப் பஞ்சாயத்து அலுவலகச் சுவரிலும் நியாயவிலைக் கடையிலும் எழுதி வைப்போமாக. அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் இச்சட்டத்தை யாவரும் அறியப் படித்துக் காட்டுவோமாக.