காட்டப்படுவதும் மறைக்கப்படுவதும்: கனடாவில் முகநூலும் தமிழ்ச் செய்தி வாசிப்பும்

முகநூலைத் திறக்கும் ஒருவர் காணும் இடுகைகள் பெரும்பாலும் காலவரிசைப்படி அமைவதில்லை. அவரது கவனத்தைத் தக்கவைக்கக்கூடியது எதுவெனக் கணித்து, அதனை முன்னிறுத்தும் நிரல் அவற்றை வரிசைப்படுத்துகின்றது. தாய் நிறுவனமாகிய மெட்டாவின் வருவாயில் 95 விழுக்காட்டிற்கும் மேற்பட்டது விளம்பரத்தால் வருவது. வாசகரின் கவனமே அங்கு விற்பனைச் சரக்கு. 2021இல் வெளிவந்த உள் ஆவணங்கள் இக்கணிப்பின் ஒரு கூற்றை வெளிப்படுத்தின. 2017இல் சினக்குறி உள்ளிட்ட உணர்ச்சிக் குறிகளுக்கு, சாதாரண விருப்பக் குறியைப் போல் ஐந்து மடங்கு மதிப்பு அளிக்கப்பட்டது. சினமூட்டும் இடுகைகள் மேலேற இது வழிவகுத்தது. 2020இல்தான் சினக்குறியின் மதிப்பு பூச்சியமாக்கப்பட்டது.

வரிசையை மாற்றுவது ஒருவகை. அடியோடு நீக்குவது மற்றொருவகை. பின்னதற்குக் கனடா தெளிவான சான்று. செய்தி இணைப்புகளுக்காகப் பெருந்தளங்கள் ஊடகங்களுக்குப் பணம் செலுத்த வழிசெய்யும் இணையவழிச் செய்திச் சட்டம் 2023 யூன் 22இல் நிறைவேறியது. கூகுள் ஆண்டுக்கு 100 மில்லியன் கனடிய டொலர் வழங்க இசைந்தது. மெட்டாவோ, தன் தளத்தில் மக்கள் காண்பவற்றுள் செய்தி 3 விழுக்காட்டிற்கும் குறைவு என்று கூறி, 2023 ஓகஸ்ட் 1 முதல் முகநூலிலும் இன்ஸ்டகிராமிலும் செய்திகளைக் கனடியருக்கு மறைக்கத் தொடங்கியது. இணைப்புக்கு விலை கேட்ட சட்டமும் விவாதத்திற்குரியதே. எனினும், எதனைக் காட்டுவது என்பதை ஒரு நிறுவனத்தின் வரவுசெலவுக் கணக்கே முடிவு செய்தது என்பதில் ஐயமில்லை.

அக்கணக்கின் விளைவு இரு வாரங்களிலேயே தெரிந்தது. ஓகஸ்ட் 16இல், காட்டுத்தீ நெருங்கியதால், ஏறத்தாழ 20,000 பேர் வாழும் யெலோநைஃப் நகரை விட்டு வெளியேறுமாறு ஆணையிடப்பட்டது. எவ்வழி திறந்துள்ளது, எங்கே புகலிடம் உண்டு என்ற செய்திகளின் இணைப்பை முகநூலில் பகிர இயலவில்லை. செய்தியை வெட்டி ஒட்டியும் படமெடுத்தும் பரிமாறினர்.

இத்தடை கனடிய ஊடகங்களோடு நிற்கவில்லை. வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களின் இடுகைகளும் கனடாவில் தெரியாதவாறு செய்யப்பட்டன. எனவே ரொறன்ரோவில் வாழும் தமிழரைப் பொறுத்தவரை, செய்தி நிறுவனமென வகைப்படுத்தப்பட்ட உள்ளூர் ஏடுகளோடு யாழ்ப்பாணத்து, சென்னை நாளேடுகளும் ஒருசேர மறைந்தன. ஊரிலுள்ள உறவினர் முகநூலில் பகிரும் செய்தி இணைப்பும் தெரிவதில்லை. ஏட்டின் பக்கத்தைத் தேடிச் செல்பவருக்குத் தடை பற்றிய அறிவித்தலேனும் கிடைக்கும். இடுகைகளை மேலோட்டமாகப் பார்த்துச் செல்பவருக்கு வெற்றிடம் எதுவும் புலப்படாது. அவ்விடத்தைக் கேலிப்படங்களும் விளம்பரங்களும், ஆசிரியர் பெயரோ பொறுப்போ அற்ற பக்கங்களின் இடுகைகளும் நிரப்பிவிடுகின்றன. தாயகச் செய்திக்கு முகநூலையே வாயிலாகக் கொண்ட முதியோர், நாளேடு அறிவித்ததையும் அண்டைவீட்டார் எழுதியதையும் வேறுபடுத்திக் காண உதவிய ஏட்டின் பெயரையும் சின்னத்தையும் இதனால் இழந்துள்ளனர்.