காற்றை இழந்த கோள்

சூரியன் அடிவானத்திற்குக் கீழே இருக்கும்போதே கீழ்த்திசையில் வெண்மை படர்ந்து சுப்ஹு நேரம் புலர்கிறது. கதிரவன் தோன்றாத நிலையில் ஒளி எங்கிருந்து வந்தது? நம் தலைக்கு மேல் வெகு உயரத்தில் இருக்கும் காற்று, அக்கதிர்களை ஏற்றுச் சிதறச் செய்து நமக்கு அனுப்புகிறது. காற்று இல்லையேல் வைகறையும் இல்லை. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் அந்தலுஸில் வாழ்ந்த காழியும் கணித அறிஞருமான இப்னு முஆத் அல்ஜய்யானீ, இவ்வுண்மையைக் கொண்டே வளிமண்டலத்தின் உயரத்தைக் கணக்கிட்டார். அவர் கண்ட விடை ஏறத்தாழ 52 மைல். அந்நூலின் அரபு மூலம் மறைந்துபோய், இலத்தீன் மொழிபெயர்ப்பு எஞ்சியது. அதைப் பல நூற்றாண்டுகளாக உலகம் இப்னுல் ஹைஸமின் நூல் என்றே எண்ணியிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் ஆய்வே உரியவரை அடையாளம் காட்டிற்று.

ஒரு கோளைச் சூழ்ந்துள்ள காற்று எவ்வளவு? அது எங்கே முடிகிறது? அன்று பூமியில் நின்று எழுப்பப்பட்ட இவ்வினாக்களை இன்று விண்கலங்கள் பிற கோள்களுக்கே சென்று எழுப்புகின்றன. அவற்றுள் மிகவும் சிந்திக்க வைப்பது, அரபியர் அல்மிர்ரீக் என்றழைக்கும் செவ்வாய்.

1965 ஜூலையில் அமெரிக்காவின் மாரினர் 4 விண்கலம் செவ்வாயைக் கடந்து சென்றது. கோளின் விளிம்பையொட்டி வந்த அதன் வானொலி அலைகள் அங்குள்ள காற்றினூடே சற்று வளைந்தன. அவ்வளைவிலிருந்து, செவ்வாயின் காற்றழுத்தம் பூமியினதில் நூற்றில் ஒரு பங்கைக்கூட எட்டாது என்பது தெரியவந்தது. ஆனால் 1971இல் அக்கோளைச் சுற்றத் தொடங்கிய மாரினர் 9, நீர் ஓடி அரித்த பள்ளத்தாக்குகளைப் படம்பிடித்தது. இன்றைய மெல்லிய காற்றில் நீர் நிலைத்து ஓட இயலாது. எனவே பண்டைக் காலத்தில் அங்கே அடர்ந்த வளிமண்டலம் இருந்திருக்க வேண்டும். அது எங்கே சென்றது?

விடைக்கான முதல் தடயம் 1997இல் கிடைத்தது. அவ்வாண்டு சென்றடைந்த மார்ஸ் குளோபல் சர்வேயர், செவ்வாய் முழுவதையும் தழுவிய காந்தப்புலம் இப்போது இல்லை என்பதையும், பெரும்பாலும் தென்பாதியின் பழைய பாறைகளில் காந்தத்தன்மை உறைந்து கிடப்பதையும் கண்டது. கோளின் உட்கருவில் ஒருகாலத்தில் இயங்கிய காந்த விசை அணைந்துவிட்டது என்பதே இதன் பொருள்.

சூரியனிலிருந்து மின்னூட்டம் பெற்ற துகள்கள் நொடிக்கு ஏறத்தாழ 400 கிலோமீட்டர் விரைவில் இடையறாது வெளியேறுகின்றன. இதற்குச் சூரியக் காற்று என்று பெயர். பூமியின் காந்தப்புலம் இத்துகள்களில் பெரும்பகுதியைத் தொலைவிலேயே திருப்பிவிடுகிறது. செவ்வாயிலோ அவை மேல்வளியின் விளிம்புவரை வந்து சேர்கின்றன. அங்குள்ள அணுக்கள் சூரியனின் புற ஊதாக் கதிர்களால் மின்னூட்டம் பெற்று அயனிகளாகின்றன. சூரியக் காற்று சுமந்து வரும் புலம் அவற்றை இழுத்துச் செல்கிறது. சில அயனிகள் திரும்பி வந்து மேல்வளியின் மீது மோத, கேரம் ஆட்டத்தில் ஸ்ட்ரைக்கர் பட்டுக் காய்கள் தெறிப்பது போல, அங்குள்ள அணுக்கள் விண்வெளியில் தெறித்துப் போகின்றன.

இதனை அளவிடவே மேவன் விண்கலம் அனுப்பப்பட்டது. 2014 செப்டம்பரில் செவ்வாயை அடைந்த அது, மேல்வளிக்குள் தாழ்ந்து தாழ்ந்து சென்று அளவெடுத்தது. நொடிக்குச் சுமார் 100 கிராம் வாயு வெளியேறுவதாக 2015இல் அறிவிக்கப்பட்டது. சிறிய அளவாகத் தோன்றினும், நாளொன்றுக்கு எட்டரை டன்னுக்கு மேலாகிறது. சூரியப் புயல் வீசும் வேளையில் இது பன்மடங்காகிறது. இளஞ்சூரியன் இன்றினும் சீற்றம் மிக்கதாக இருந்ததால், முற்காலத்தில் இழப்பு இன்னும் கடுமையாக இருந்திருக்கும்.

இதற்கு மற்றொரு சான்று ஆர்கான் வாயு. அது எப்பொருளுடனும் வேதிவினை புரிவதில்லை. பாறையில் கலந்து மறைவதும் இல்லை. அது குறைந்திருந்தால் மேலே சென்றிருக்க வேண்டும். எடை குறைந்த ஆர்கான் எளிதில் தப்பும். எடை மிக்கது எஞ்சும். இவ்விரண்டின் விகிதத்தை அளந்து, ஆர்கானில் ஏறத்தாழ 65 விழுக்காடு விண்வெளிக்குச் சென்றுவிட்டது என 2017இல் முடிவு கண்டனர். பதினோரு ஆண்டுகள் உழைத்த மேவனுடன் 2025 டிசம்பரில் தொடர்பு அறுந்தது.

இவ்வாராய்ச்சியில் அரபுலகிற்கும் ஒரு பங்குண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தின் 'அல்அமல்' (நம்பிக்கை) விண்கலம் 2020 ஜூலையில் ஜப்பானிய ஏவூர்தியில் புறப்பட்டு, 2021 பிப்ரவரி 9ஆம் நாள் செவ்வாயின் சுற்றுப்பாதையில் நிலைகொண்டது. அமீரகப் பொறியாளர்கள் அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தாருடன் இணைந்து அதனை உருவாக்கினர். 20,000 முதல் 43,000 கிலோமீட்டர் வரை விரிந்த பாதை அதற்கென வகுக்கப்பட்டதால், செவ்வாயின் எல்லாப் பகுதிகளையும் பகலிரவின் எல்லா வேளைகளிலும் காண வழி பிறந்தது. இரவுப் பகுதியில் துகள்கள் மோதித் தோன்றும் துருவ ஒளியை அதன் புற ஊதாக் கருவி படம்பிடித்தது. கோளின் பாதியளவுக்கு நீண்டு நெளிந்த ஒளிக்கீற்று ஒன்றையும் 2022இல் அறிவித்தனர். உறைந்த காந்தப் பாறைகள் இல்லாத இடங்களிலும் அவ்வொளி தோன்றியமை ஆய்வாளர்க்குப் புதிய வினாவாயிற்று.

இவ்விடத்தில் நாம் ஒன்றைக் கருத வேண்டும். அல்அன்பியா அத்தியாயத்தின் 32ஆம் வசனம், வானம் பாதுகாக்கப்பட்ட முகடாக ஆக்கப்பட்டதைப் பேசுகிறது. அம்முகடு பூமியின் காந்தப்புலமே என்று எழுதுவோரும் மேடைகளில் முழங்குவோரும் நம்மிடையே பலர். முற்காலத் தஃப்ஸீர் ஆசிரியர்களோ, வானம் விழாமல் காக்கப்படுவது என்றும், ஷைத்தான்களிடமிருந்து காக்கப்படுவது என்றும் விளக்கினர்.

காந்தப்புலமே காற்றைக் காக்கிறது எனும் கருத்து அறிவியலார் அனைவரும் ஒப்பிய முடிவும் அன்று. வெள்ளிக் கோளுக்குத் தனக்கெனக் காந்தப்புலம் இல்லை. ஆயினும் அதன் காற்றழுத்தம் பூமியைப் போல் ஏறத்தாழ 90 மடங்கு. காந்தப்புலம் உள்ள பூமியிலிருந்தும் துருவங்களின் வழியே அயனிகள் கசிகின்றன. கோளின் ஈர்ப்பு விசை, எரிமலைகள் புதிதாக வெளியிடும் வாயு, சூரியனின் வயது எனப் பலவும் கூடியே ஒரு வளிமண்டலத்தின் விதியைத் தீர்மானிக்கின்றன. செவ்வாயின் ஈர்ப்பு பூமியினதில் ஐந்தில் இரு பங்குக்கும் குறைவு என்பதையும் மறக்கலாகாது.

செவ்வாய் காற்றை இழந்தது என்பது அளந்தறிந்த செய்தி. காந்தப்புலம் அணைந்ததே அதற்குத் தலையாய காரணம் என்பது இன்றும் விவாதத்தில் உள்ள விளக்கம். யகீனையும் ளன்னையும் பிரித்தறிவது நம் உஸூல் கலை கற்பிக்கும் முதற்பாடம். மாறக்கூடிய விளக்கத்தின் மீது மாறாத வசனத்தை நிறுத்தினால், நாளை அவ்விளக்கம் திருத்தப்படும்போது நம் இளைஞர் எதன் மீது ஐயம் கொள்வர்? அறிவியல் தன்னைத் திருத்திக்கொண்டு மேற்செல்லும். தடுமாறுவது நம் பிள்ளைகளின் உள்ளமே.

அதே வசனத்தின் இறுதிப் பகுதி, வானத்தின் அத்தாட்சிகளைப் புறக்கணிப்போரைப் பற்றியது. பிறர் கண்டு சொன்னதை எடுத்து, எம் வேதத்தில் முன்பே உள்ளது என்று கூறி அமைவதும் புறக்கணிப்பின் ஒரு வகையே. இப்னு முஆத் அவ்வாறு அமைந்துவிடவில்லை. தொழுகை நேரத்தை உணர்த்தும் வெளிச்சத்தையே அளவுகோலாக்கிக் காற்றின் எல்லையைத் தேடினார். நம் மதரஸாக்களில் வானவியல் பாடம் நடத்துவோர், செவ்வாயின் அளவீடுகளையும் மாணவர் முன் வைத்து, எது உறுதி, எது ஊகம் என்று அவர்களையே பிரித்துரைக்கச் செய்வார்களாயின், அவ்வழியின் பெருமை நிலைபெறும்.