எல்லையறிந்து நிற்றல்

வீட்டுக் குழாயைத் திருகி மூடுங்கால் எவ்விடத்தில் நிறுத்துவதென நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கையே உணர்ந்து நின்றுவிடுகின்றது. ஆலைகளிலுள்ள பெரிய வால்வுகளையோ மின்சார மோட்டார் திருகுகின்றது. மோட்டாருக்கு வலிமையுண்டு, கைக்குள்ள உணர்வு இல்லை. அவ்வுணர்வை அதற்கு ஊட்டும் வகை யாதென்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இதற்குரிய கருவிகள் மூன்று. முதலாவது எல்லைச் சுவிட்சு. இது பற்சக்கரங்களின் வாயிலாகச் சுற்றுக்களை எண்ணி, குறித்த இடம் வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும். இரண்டாவது முறுக்குச் சுவிட்சு. வால்வு தடைப்படுங்கால் உள்ளிருக்கும் திருகுத்தண்டு நகர்ந்து சுருள்வில்லை அமுக்கும். அவ்வமுக்கம் குறித்த அளவை எட்டியதும் மோட்டார் நிறுத்தப்படும். மூன்றாவது பிரேக். மின்சாரம் அற்றவுடன் மோட்டார் நின்றுவிடுவதில்லை. ஓடிய வேகத்தால் மேலும் சிறிது சுழலும். ஆதலின் விரைந்தோடும் இயக்கிகளில் பிரேக் அமைப்பர். வில்லின் விசையாற் பற்றிநிற்கும் அதனை, மோட்டார் ஓடுங்கால் மின்காந்தம் விடுவிக்கும். மின்சாரம் நின்றால் மீண்டும் பற்றிக்கொள்ளும். பிரேக் இருப்பினும் வால்வு சற்றே நழுவுமாதலின், அந்நழுவலைக் கணக்கிட்டு எல்லையை முன்னரே அமைத்தல் வேண்டும்.

ஆப்புவடிவக் கதவுடைய கேட் வால்வு இறுகப் பொருந்தவேண்டியதாகலின், மூடுங்கால் பெரும்பாலும் முறுக்குச் சுவிட்சால் நிறுத்தப்படும். கால்வட்டமே திரும்பும் பந்து வால்வுக்குப் பெரும்பாலும் எல்லைச் சுவிட்சே போதும். முதன்முறை மின்சாரத்தால் ஓட்டுமுன், கைச்சக்கரத்தால் வால்வை நடுவில் நிறுத்துதல் முறை. ஏனெனில், மின்கம்பிகள் மாறியிருப்பின் மோட்டார் எதிர்த்திசையில் ஓடும். உரிய எல்லைச் சுவிட்சும் அதனைத் தடுக்காது. நடுவில் நின்றதாயின் கண்டு நிறுத்தப் பொழுதுண்டு.

இன்னுமொரு நுட்பமுண்டு. இறுகிய ஆப்புக் கதவைப் பெயர்க்கத் தொடக்கத்தில் மிகுந்த விசை வேண்டும். முறுக்குச் சுவிட்சு அதனைத் தடையென மயங்கி மோட்டாரை நிறுத்திவிடலாம். ஆகவே திறப்பின் தொடக்கத்தில் மட்டும் அச்சுவிட்சு செயற்படாதவாறு ஒரு விலக்கு அமைப்பர். அவ்விலக்கு முடியும் இடமும் ஓர் எல்லையே.

அவ்வெல்லை தவறினால் விளைவது யாது? அமெரிக்காவின் ஒஹாயோ மாகாணத்து டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தில், 1985-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள் முதன்மை நீரூட்டல் தடைப்பட்டது. பதற்றத்தில் ஊழியரொருவர் தவறான இரு பொத்தான்களை அழுத்தவே, துணைநீர் செல்லும் வழியிலிருந்த வால்வுகள் இரண்டும் மூடிக்கொண்டன. பிழை விரைவில் உணரப்பட்டது; திறக்கும் கட்டளையும் இடப்பட்டது. வால்வுகளோ திறக்கவில்லை! கதவு பெயருமுன்னரே விலக்கு முடியுமாறு அமைந்திருந்தமையே காரணமெனப் பின்னர்த் தெளிந்தது. ஏறத்தாழ 12 நிமிடம் நீராவிக் கலங்களுக்கு நீரே செல்லவில்லை. ஊழியர் விரைந்துசென்று வால்வுகளைக் கையாற் திறந்தும், நின்றுபோன பம்புகளை மீட்டும் பெருங்கேட்டைத் தவிர்த்தனர். அவ்வாண்டு நவம்பரில் அந்நாட்டு அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம், இத்தகைய சுவிட்சுகளின் அமைப்பைச் சோதிக்குமாறு நிலையங்களைப் பணித்தது. 1989-இல் அப்பணி மேலும் பல வால்வுகளுக்கு விரிந்தது.

மனிதன் பொத்தானைத் தவறி அழுத்தல் இயல்பு. அத்தவற்றைத் திருத்தவிடாது தடுத்தது என்றோ ஒருநாள் கருதாது திருப்பிவைத்த சிறு எல்லை. ஆகலின், வால்வு வெறுமனே ஓடிநின்றதைக் கண்டு அமைதியுறாது, மெய்யான நீரழுத்தத்திலும் அது திறந்து மூடுவதைச் சோதித்தறிதலே எல்லையமைப்போர் கடனாகும்.