முகத்தில் வெளிறிய திட்டுகளா? அழுக்கு காரணமல்ல

மூக்கின் ஓரங்களிலும் புருவங்களிலும் தோல் செதில் செதிலாக உரியும். அந்த இடம் மட்டும் சற்று வெளிறித் தெரியும். “தேமல் வந்துவிட்டது”, “முகத்தை ஒழுங்காகக் கழுவுவதில்லை” என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால், அது ‘செபோரிக் டெர்மடைட்டிஸ்’ எனும் தோல் அழற்சியாக இருக்கலாம். நமக்குத் தெரிந்த பொடுகு இதன் லேசான வடிவம்தான்.

பதின்ம வயதில் தோலில் எண்ணெய் அதிகம் சுரக்கும். எல்லாருடைய தோலிலும் வாழும் ‘மலசீசியா’ எனும் ஈஸ்ட், அந்த எண்ணெயை உண்டு கொழுப்பு அமிலங்களை வெளியிடுகிறது. சிலரது தோல் அதைத் தாங்காமல் அழற்சி அடைகிறது. இது பிறருக்குத் தொற்றாது. தேர்வுக்கால மன உளைச்சலும் தூக்கமின்மையும் இதை மோசமாக்கலாம்.

வெள்ளைத் தோலில் இந்த அழற்சி சிவப்பாகத் தெரியும். மாநிறத்திலும் கறுப்பு நிறத்திலும் சிவப்பு எளிதில் புலப்படாது. வெளிறிய அல்லது கருத்த திட்டுகளே தெரியும். இதை வெண்புள்ளி என்று எண்ணி அஞ்சுவோரும் உண்டு. வெண்புள்ளி பால்போல் வெளுத்திருக்கும். பொதுவாகச் செதில் உதிராது. செபோரிக் அழற்சி தணிந்தால், நிறம் சில வாரங்களிலோ மாதங்களிலோ மெல்லத் திரும்பிவிடும்.

அதுவரை பொறுக்காமல், நிறத்தைச் சமமாக்கும் கிரீம்களை இணையத்தில் வாங்குவதுதான் ஆபத்து. அத்தகைய சிலவற்றில் வீரியமிக்க ஸ்டீராய்டு, பாதரசம் போன்றவை கண்டறியப்பட்டதாகச் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையம் எச்சரித்துள்ளது. ஸ்டீராய்டு முதலில் பலன் தருவதுபோல் தோன்றும். நாளடைவில் தோல் மெலியும். நிறுத்தியதும் அழற்சி மீண்டும் தலைதூக்கும்.

இரவு முழுவதும் தலையில் எண்ணெய் ஊறவைப்பதும் ஈஸ்டுக்குத் தீனி போடுவதாகிவிடும். எண்ணெய் தேய்க்கும் வழக்கம் இருந்தால், குளிப்பதற்குச் சற்று முன் தேய்த்து நன்றாக அலசிவிடுங்கள்.

தலைக்கு 2 விழுக்காடு கீட்டோகோனசோல் ஷாம்பூ உதவும். மருந்தாளரிடம் ஆலோசனை கேட்டு, வாரத்திற்கு இருமுறை, 3 முதல் 5 நிமிடங்கள் ஊறவிட்டு அலசலாம். 4 வாரங்களில் குறையாவிட்டாலோ முகத்தில் பரவினாலோ பலதுறை மருந்தகத்திற்குச் செல்லுங்கள்.

இது மீண்டும் மீண்டும் வரக்கூடியது. வந்தால் வெட்கப்பட வேண்டியதில்லை. மருத்துவரிடம், “அரிக்கிறது” என்பதோடு நிறுத்தாமல், “இங்கே நிறம் மாறியிருக்கிறது” என்றும் சொல்லுங்கள். பகல் வெளிச்சத்தில் எடுத்த ஒரு படத்தையும் காட்டுங்கள். சிவப்பு தெரியாத தோலில் அதுவே முக்கியத் தடயம்.