அடுப்பேறாத கேக்

நயினாதீவு நாகபூசணி அம்மனின் ஆனித் திருவிழாவுக்கு இலண்டனிலும் ரொறன்ரோவிலுமிருந்து வரும் எம்மவர், குறிகட்டுவான் துறையிற் படகேறும்பொழுது புதிய உணவாசைகளையும் உடன்கொண்டு வருகின்றனர். அவற்றுள் ஒன்று சீஸ் கேக். இதற்குப் போறணை வேண்டியதில்லை. பொடித்த மாரி பிஸ்கட்டை வெண்ணெயிற் பிசைந்து தட்டில் அழுத்தி, அதன்மேற் சீஸும் பாலாடையும் சேர்ந்த கலவையை வார்த்துக் குளிரூட்டியில் இறுகவிட்டாற் போதும்.

மேனாட்டார் இதற்கு மணமூட்டப் பாலாடை மதுவை ஊற்றுவர். ஐரிஷ் விஸ்கியும் பாலாடையும் கலந்து 1974 இல் விற்பனைக்கு வந்த பெய்லீஸ் இவ்வகையின் முன்னோடி. அதில் நூற்றுக்குப் பதினேழு பங்கு மதுசாரம். கேக்கில் ஊற்றியபின் மது எங்கே இருக்கப்போகின்றது என எண்ணுவோர் பலர். வேகும் பண்டத்தில் மதுசாரத்தின் ஒரு பகுதியேனும் ஆவியாகும். அடுப்பேறாத பண்டத்திலோ ஊற்றியது ஏறக்குறைய முழுவதும் எஞ்சும். ஆகவே குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அமரும் பந்தியில் இதனை வைத்தல் தகாது என்பதே எமது கருத்து. இலங்கையில் 21 வயது நிரம்பாதோருக்கு மது விற்பதே குற்றமன்றோ!

இன்னொரு தடை ஜெலற்றின். விலங்குகளின் தோலிலும் எலும்பிலுமிருந்து எடுக்கப்படுவதால் விரத வீடுகளுக்கு ஒவ்வாது; முப்பது பாகை வெப்பத்திலேயே இளகவுந் தொடங்கும். தீவுகளின் மின்சாரமோ நெடுங்காலம் டீசல் எந்திரங்களை நம்பியே இருந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றிலும் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் பெற இந்தியாவும் இலங்கையும் 2022 இலேதான் உடன்பட்டன. கடற்பாசித் தூளோ நாற்பது பாகையளவிலேயே இறுகிவிடும். மீண்டும் உருக எண்பது பாகைக்கு மேல் வேண்டும். எமது வெயிலுக்கு ஏற்றது அதுவே.

இனிச் செய்முறை. ஒரு கிலோ கெட்டித் தயிரைத் துணியிற் கட்டி ஐந்தாறு மணி நேரம் தொங்கவிடுக. (போர்த்துக்கேயர் ‘பசுத்தீவு’ என்றழைத்த நெடுந்தீவார்க்குத் தயிரைப்பற்றி நாம் சொல்வானேன்!) நீர் வடிந்து எஞ்சுவதே எமது சீஸ். இருநூறு கிராம் பிஸ்கட்டும் நூறு கிராம் உருக்கிய வெண்ணெயும் அடித்தட்டுக்குப் போதும்.

மதுவுக்குப் பதிலாகப் பனையை நாடுவோம். குட்டானிலிருந்து எடுத்த பனங்கட்டி நூற்றைம்பது கிராமை ஒரு கோப்பை நீரிற் கரைத்து, மண் போக வடித்து, இரண்டு தேக்கரண்டி கடற்பாசித் தூளிட்டு மூன்று நிமிடம் கொதிக்கவிடுக. இறக்கியபின் அரைக் கோப்பை முதற்பாலும் இரண்டு மேசைக்கரண்டி கடுங்கோப்பிச் சாயமும் சேர்க்குக. முதற்பாலைக் கொதிக்கவிட்டால் திரிந்துபோகும். பாலாடை மதுவில் நாவுக்கு இனிப்பது பெரும்பாலும் பாலின் கொழுப்பும் இனிப்பும் சிறு கசப்புமே. அம்மூன்றும் இதில் உள. பனங்கட்டியின் புகைமணம் மேலதிகம்.

தயிர் குளிர்ந்திருந்தாற் கடற்பாசி கட்டிகட்டியாய்த் திரளும். ஆதலால் அதனை முன்னரே வெளியில் எடுத்துவைத்து, சூடான பாகைச் சிறிது சிறிதாக ஊற்றி விரைந்து கலக்குக. உடனே தட்டில் வார்த்திடல் வேண்டும். ஒரு மணி நேரத்துள் இறுகிவிடும். எனினும் தயிரும் தேங்காய்ப்பாலும் சேர்ந்தமையாற் குளிரிலே வைத்து இரண்டு நாட்களுக்குள் உண்டு முடித்தல் நன்று.