ஒன்றரை முழத் தண்டவாளம்

வேல்ஸின் மேற்குக் கரையில் டவின் என்றொரு சிற்றூர். அங்கிருந்து மலைப்பக்கம் போகும் டாலிலின் ரயிலின் தண்டவாள இடைவெளி 686 மில்லிமீட்டர், அதாவது ஒன்றரை முழம். 1860களில் சிலேட்டுக் கல்லைக் கீழே இறக்கப் போட்ட பாதை அது. 1950-இல் உரிமையாளர் இறந்ததும் மூடியிருப்பார்கள். ஆனால் எழுத்தாளர் டாம் ரோல்ட்டும் நண்பர்களும் சங்கம் கூட்டி, மறுவருடம் மே மாதம் தாங்களே வண்டியை ஓட்டினார்கள். தன்னார்வலர்கள் எடுத்து நடத்திய உலகின் முதல் ரயில் பாதை இதுதான்.

இப்படிப்பட்ட இடத்தில் புதிதாக வருபவருக்கு முதலில் கிடைப்பது எண்ணெய்த் துணி. நீராவி எஞ்சினைத் துடைக்கத் துடைக்கத்தான் விரிசலும் கழன்ற ஆணியும் கண்ணில் படும். ஃபயர்மேன், டிரைவர் எல்லாம் பிற்பாடு, வருடக்கணக்கில்.

விடியற்காலையில் புகைப்பெட்டிக் கரித்தூளை அள்ளி, சாம்பலைத் தட்டி, நீர்மட்டக் கண்ணாடியைப் பார்த்த பிறகே நெருப்பு. அவசரப்பட்டால் கொதிகலனின் தகடுகள் ஒன்று முந்தியும் ஒன்று பிந்தியும் விரிந்து, மூட்டுகள் கசியும். ஆகவே மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். டீ குடிக்க நல்ல நேரம்.

காலையில் நெருப்பு மந்தமாக எரிவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஓடும் எஞ்சினில், உருளைகளில் வேலை முடித்த நீராவி 'சக் சக்' என்று புகைபோக்கி வழியே பாயும். போகும்போது புகையையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தை நிரப்ப, நெருப்பின் அடியிலிருந்து புதுக் காற்று ஏறும். ஏற்றத்தில் எஞ்சின் எவ்வளவு திணறுகிறதோ, அவ்வளவு கனலும். கொல்லன் துருத்தியை எஞ்சின் தானே ஊதிக்கொள்கிறது! நிற்கும் எஞ்சினுக்கு அந்த வசதி இல்லை.

ஃபயர்மேனின் கண் கரியைவிடத் தண்ணீரில்தான் இருக்கும். நெருப்புப் பெட்டியின் கூரை எப்போதும் நீரில் மூழ்கியிருக்க வேண்டும். நீர் வற்றினால் அங்கே பொருத்திய ஈயம் உருகி, நீராவி நெருப்பின் மேல் சீறும். ஃபயர்மேனுக்கு அதைவிட அவமானம் கிடையாது.

கார்டு வேலை சுலபம் என்று நினைக்க வேண்டாம். தாமஸ் எஞ்சின் கதைகளை எழுதிய பாதிரியார் ஆட்ரி 1952-இல் டாலிலின் ரயிலில் கார்டாக இருந்தார். ஒருநாள் சிற்றுண்டி விற்கும் அம்மாளை ஏற்றாமலேயே வண்டியைக் கிளப்பிவிட்டார். பிறகு அதையே கதையாகவும் எழுதிவிட்டார்.

மாலையில் நெருப்பைக் கலைத்து, கொதிகலனை நிரப்பி, சக்கரத்துக்குக் கட்டை வைப்பார்கள். மறுநாள் வருபவர் தகட்டைத் தொட்டால் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். அன்று காத்திருப்பு கொஞ்சம் குறையும்.