உங்களுக்குத் தெரியுமா? தோட்டாவைத் துரத்தும் ரேடார்

பறக்கும் தோட்டாவின் வேகத்தை அளக்க வழி கண்டவர் இங்கிலாந்தின் பெஞ்சமின் ராபின்ஸ். 1742-இல் வெளியான நூலில் அவர் விவரித்த கருவி ஒரு கனத்த ஊசல். தோட்டா பாய்ந்ததும் அது எவ்வளவு விலகுகிறது என்பதே கணக்கு. சரியாக நூறாண்டு கழித்து, 1842-இல், ஆஸ்திரியாவின் கிறிஸ்டியன் டாப்ளர் முன்வைத்த விளைவில்தான் இன்றைய ரேடார் குரோனோகிராஃப் என்ற வேகமானி இயங்குகிறது.

இக்கருவி அனுப்பும் 24 கிகாஹெர்ட்ஸ் அலை, வினாடிக்கு 800 மீட்டர் வேகத்தில் விலகிச் செல்லும் தோட்டாவில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் சுமார் 1,28,000 ஹெர்ட்ஸ் குறைந்துவிடும். அந்தக் குறைவே வேகத்தைச் சொல்லிவிடுகிறது!

கருவியை வைக்கும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். லேப்ரேடார் போன்ற கருவியைத் துப்பாக்கியின் பக்கவாட்டில், இலக்கை நேராகப் பார்க்கும்படி நிறுத்த வேண்டும். திசை பிசகினால் தோட்டா அலைக்கற்றையை விட்டு நழுவிவிடும். சிறிய தோட்டாக்கள் அலையைக் குறைவாகவே திருப்பி அனுப்புவதால், அவற்றை வெகுதூரம் பின்தொடர முடியாது.

வெடியோசை கேட்டதும் அளக்கத் தொடங்கும் கருவி, பக்கத்தில் வேறொருவர் சுட்டாலும் ஏமாந்துபோகும். அருகிலேயே இன்னொரு ரேடார் இயங்கினால் அலைவரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும்.